மாலையில் சாய்ந்து உட்கார்ந்து கேட்க அகூஸ்டிக் கிட்டார்: எந்த ஆல்பங்கள்?

கேள்வி இது: பழைய ஆங்கிலப் பாடல்களை அகூஸ்டிக் கிட்டாரில் இதமாக வாசித்த ஆல்பங்கள் வேண்டும்; மாலை நேரத்தில் போட்டுவிட்டு அமைதியாக இருக்க வேண்டும். ஆனால் "ரிலாக்ஸிங் கிட்டார்" என்று பேர் போட்ட பிளேலிஸ்டுகள் கொஞ்ச நேரத்திலேயே சலித்துவிடுகின்றன. ஏன், வேறு எதைக் கேட்கலாம்?

அந்தப் பிளேலிஸ்டுகள் பலவற்றில் மெட்டு மேல் தந்தியில் அப்படியே போகும், கீழே விரல்கள் ஒரே அச்சில் சுற்றிக்கொண்டிருக்கும், எல்லாவற்றுக்கும் மேலே எதிரொலியைத் தாராளமாகப் பூசியிருப்பார்கள். முதல் பாட்டுக்கும் ஏழாவது பாட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மெதுவாக வாசித்தால் இதமாகிவிடும் என்ற நினைப்புதான் அங்கே கோளாறு. அதனால் மனநிலையின் பேரைச் சொல்லித் தேடாதீர்கள், வாசிப்பவரின் பேரைச் சொல்லித் தேடுங்கள்.

ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜோ பாஸிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் யாரைக் கேட்டாலும் அவருடைய "விர்ச்சுவோசோ"வைத்தான் முதலில் சொல்வார்கள். 1973-இல் பதிவானது. பக்கவாத்தியம் எதுவும் இல்லை, ஒற்றை கிட்டார். அதிசயமான ஆல்பம், மறுக்கவே மாட்டேன். ஆனால் "செரோக்கி", "ஹவ் ஹை தி மூன்" போன்றவற்றில் அவர் விரல்கள் ஓடுகிற ஓட்டத்துக்குக் காது நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். காலையில் கேளுங்கள். மாலைக்கு அதே மனிதர் 1992-இல் நைலான் தந்தி கிட்டாரில் தனியாகப் பதிவு செய்த "சாங்ஸ் ஃபார் எல்லன்", "அன்ஃபர்கெட்டபிள்" இரண்டையும் எடுங்கள். எல்லன் அவர் மனைவி. பாஸ் 1994-இல் இறந்தார். "அன்ஃபர்கெட்டபிள்" வெளிவந்தது அதற்குப் பிறகு, 1998-இல். இவற்றில் அவருக்கு யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. மெட்டைச் சொல்கிறார், நடுவில் ஒரு சின்னக் கிளைவழியில் போய் வருகிறார், மறுபடி மெட்டுக்கே வருகிறார். அவ்வளவுதான். அதில் எனக்குக் கிடைக்கிற நிறைவு அந்த வேகமான ஆல்பத்தில் கிடைப்பதில்லை.

தனி கிட்டாரில் மெதுவான பாட்டு வாசிப்பது வெளியே தெரிவதைவிடக் கடினமான வேலை. பாடகர் ஒரு சுரத்தை மூச்சு இருக்கும்வரை பிடித்து நிறுத்தலாம், வயலினில் வில்லை இழுத்துக்கொண்டே போகலாம். கிட்டாரில் மீட்டிய நொடியிலேயே சுரம் தேயத் தொடங்கிவிடும். பாட்டின் வேகம் குறையக் குறைய, அடுத்த சுரம் வருவதற்குள் விழும் வெற்றிடம் பெரிதாகும். அதை நிரப்ப வேண்டுமா, அப்படியே விட வேண்டுமா, நிரப்பினால் எவ்வளவு என்பதில்தான் வாசிப்பவரின் ரசனை இருக்கிறது. போதாததற்கு மெட்டு, கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), பேஸ் (அடிச் சுரம்) மூன்றையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும். தந்தியை அழுத்த இடது கையில் இருப்பதோ நான்கு விரல். கிட்டார்காரர்கள் இதைக் கார்ட் மெலடி என்பார்கள்.

ஜாஸ்காரர்கள் ஸ்டாண்டர்ட் என்று சொல்லும் இந்தப் பழைய பாடல்கள் பெரும்பாலும் 1920-களுக்கும் 1950-களுக்கும் இடையில் பிராட்வே நாடகங்களுக்காகவும் ஹாலிவுட் படங்களுக்காகவும் எழுதப்பட்டவை. கெர்ஷ்வின், கோல் போர்ட்டர், ஹெரால்டு ஆர்லன், ரிச்சர்ட் ராஜர்ஸ் போன்ற இசையமைப்பாளர்களின் வேலை. நிறையப் பாடல்கள் 32 பார் (தாளச் சுற்று) அளவுதான்: முதல் எட்டு பார் மெட்டு ஒருமுறை திரும்ப வரும், அப்புறம் எட்டு பார் வேறொரு மெட்டு, கடைசியில் பழைய மெட்டே. கச்சிதமான இந்தக் கட்டமைப்பு ஒற்றை கிட்டாருக்குத் தோதானது. வாசிப்பவர் எவ்வளவு தூரம் போனாலும் கேட்பவருக்கு வழி தவறாது.

இந்த ஜாஸ் பாடல்களில் நிறைய ஈ ஃபிளாட், பி ஃபிளாட் போன்ற ஸ்ருதிகளில் புழங்குகின்றன. ஊதுகருவிக்காரர்களுக்கு அவை வசதி. கிட்டாரிலோ அந்த ஸ்ருதிகளில் விரல் வைக்காமல் வெறுமனே மீட்டக்கூடிய தந்திகள் அதிகம் கைகொடுக்காது. அதனால் தனியாக வாசிப்பவர்கள் பல சமயம் பாட்டை டி, ஏ, ஈ, ஜி என்று கிட்டாருக்கு இணக்கமான ஸ்ருதிக்கு நகர்த்திவிடுவார்கள். அப்போது கை மேலே வேறு வேலையில் இருந்தாலும் அடியில் ஒரு பேஸ் தந்தி ஒலித்துக்கொண்டே இருக்கும். தம்பூராவைக் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த அடியொலி சட்டென்று பிடித்துப்போகும்.

சரி, மற்றவர்கள். சார்லி பர்ட் 1954-இல் ஸ்பானிய கிளாசிக்கல் கிட்டார் மேதை செகோவியாவிடம் கற்றவர்; அந்தக் கிளாசிக்கல் விரலடியை ஜாஸுக்குக் கொண்டுவந்தவர். சாக்ஸஃபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸுடன் 1962-இல் செய்த "ஜாஸ் சம்பா" உலகப் புகழ் பெற்றது. அதில் டிரம்ஸ், பேஸ் எல்லாம் உண்டு, ஆனாலும் இரைச்சல் கிடையாது. ஜீன் பெர்டோன்சினியின் பேர் அவ்வளவாக வெளியே தெரியாது. என் கணக்கில் இந்த வகையில் அவரை மிஞ்ச ஆள் குறைவு. "குவைட் நவ்" தேடிப் பாருங்கள். எங்கே வாசிக்காமல் இருக்க வேண்டும் என்று தெரிந்த மனிதர்.

ஏர்ல் கிளூ எளிமையானவர், இனிமையானவர். சிலருக்கு அந்த இனிமை கொஞ்சம் திகட்டும். 1980-இல் வந்த "லேட் நைட் கிட்டார்" ஆல்பத்தில் பின்னால் வயலின் கூட்டமே உண்டு. "லாரா", "டெண்டர்லி" எல்லாம் அதில் இருக்கின்றன. எனக்கு அவருடைய 1989 ஆல்பமான "சோலோ கிட்டார்" போதும். வயலின்கள் விலகியதும் அவர் விரல்களின் தெளிவு அப்பட்டமாகத் தெரிகிறது.

பேட் மெத்தனியின் தனி கிட்டார் ஆல்பங்களில் இரண்டைச் சொல்கிறேன்: 2003-இல் "ஒன் குவைட் நைட்", 2011-இல் "வாட்ஸ் இட் ஆல் அபௌட்". முதலாவதில் அவருடைய சொந்த மெட்டுகளும் கலந்திருக்கும். இரண்டாவதில் முழுக்க அவர் சிறு வயதில் கேட்ட பாடல்கள். கண்டிப்பாகச் சொன்னால் இவை நீங்கள் கேட்ட பழைய ஸ்டாண்டர்ட்கள் இல்லை, 1960-கள், 70-களின் பாப் பாடல்கள். இருந்தாலும் விடக்கூடாது. இரண்டிலும் அவர் பெரும்பாலும் வாசிப்பது வழக்கமான கிட்டாரைவிடத் தாழ்ந்த ஸ்ருதியில் ஒலிக்கும் பாரிடோன் கிட்டார். நடுத் தந்திகள் இரண்டை மட்டும் ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி மாட்டியிருப்பார். அதனால் அடியிலும் கனம் இருக்கும், நடுவிலிருந்து எதிர்பாராமல் ஒரு மேல் சுரமும் கிளம்பும். இரண்டாவது ஆல்பத்தில் "தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்" மட்டும் 42 தந்திகள் கொண்ட ஒரு விசித்திரக் கருவியில் வாசித்தது.

இவர்களில் பலர் நைலான் தந்திக்காரர்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். எஃகுத் தந்தியின் மினுமினுப்பு நாட்டுப்புற மெட்டுகளுக்கு அழகு. ஆனால் இந்தப் பாடல்களின் நெருக்கமான கார்டுகளில் நான்கைந்து சுரம் ஒன்றாக விழும்போது, நைலானின் மழுங்கிய முனைதான் உறுத்தாமல் இருக்கிறது. இது என் காதின் தீர்ப்பு. லாரன்ஸ் ஜூபர் மாதிரி எஃகுத் தந்தியில் அருமையாக வாசிப்பவர்களும் உண்டு. நைலான் தந்திக்கு வயதும் அதிகமில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குடல் தந்திக்குத் தட்டுப்பாடு வந்த பிறகுதான் அது கிட்டாருக்கு வந்தது.

குரலும் இருந்தால் பரவாயில்லை என்றால் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் ஜோ பாஸும் மட்டும் சேர்ந்து செய்த "டேக் லவ் ஈசி" இருக்கிறது, 1973. ஒரு குரல், ஒரு கிட்டார், வேறு எதுவும் கிடையாது.

கேட்கும் முறையைப் பற்றி ஒன்று சொல்கிறேன், சலிப்புக்கு நல்ல மருந்து அதுதான். ஒரே பாட்டை இரண்டு மூன்று பேர் வாசித்துக் கேளுங்கள். அதற்கு முன்னால் யாராவது பாடியதை ஒருமுறை கேட்டுவிடுங்கள். "ஓவர் தி ரெயின்போ" முதல் இரண்டு சுரத்திலேயே ஒரு ஸ்தாயி தாவும். அந்தத் தாவலை ஒருவர் வழுக்கிக்கொண்டு போவார், இன்னொருவர் இடையில் ஒரு நொடி நிறுத்துவார், மூன்றாமவர் கீழே கார்டை மாற்றி அர்த்தத்தையே திருப்பிவிடுவார். "மூன் ரிவர்" இன்னும் நல்ல தேர்வு. பயிற்சி பெற்ற பாடகி அல்லாத நடிகை ஆட்ரி ஹெப்பர்னின் குரல் எட்டும் அளவுக்குள் இசையமைப்பாளர் ஹென்றி மான்சினி போட்ட மெட்டு. 1961-இல் வந்த "பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்" படத்தில் ஹெப்பர்ன் ஜன்னலில் உட்கார்ந்து கிட்டாரை மீட்டித்தான் அதைப் பாடுவார். கிட்டாரிலேயே பிறந்தது போல ஒலிப்பதில் ஆச்சரியமில்லை. வார்த்தை மனதில் இருந்தால், கிட்டார் எங்கே மூச்சு விடுகிறது என்பது உங்களுக்கே பிடிபடும்.

ஹெட்போன் வேண்டாம் என்பேன். மைக்கை மிக அருகில் வைத்துப் பதிவு செய்த ஆல்பங்களில், பேஸ் தந்தியின் மேல் விரல் நகரும் கீச்சொலி காதுக்குள்ளேயே கேட்கும். சாதாரண ஸ்பீக்கர் ஒன்றை அறையின் மறுகோடியில் வைத்து, பேச்சுக் குரலைவிடக் குறைந்த சத்தத்தில் போடுங்கள். ஷஃபிளை அணைத்துவிடுங்கள். முதலில் "அன்ஃபர்கெட்டபிள்", அது ஒத்துவந்தால் பெர்டோன்சினி, கொஞ்சம் கனமாகத் தோன்றினால் கிளூ.