மூச்சு திரும்பிவிட்டது, கணுக்கால் இன்னும் திரும்பவில்லை

கேள்வி: எனக்கு வயது 39. காட்பாடியில் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். மூன்று ஆண்டுகளாக ஓட்டப் பயிற்சி செய்து வந்தேன். கடந்த ஜனவரி இறுதியில் பாலாற்று மணலில் ஓடும்போது வலது கணுக்கால் பிசகி, வெளிப்பக்கத் தசைநார் பாதி கிழிந்துவிட்டதாக மருத்துவர் கூறினார். நான்கு மாதங்கள் ஓடவே இல்லை. ஜூன் தொடக்கத்தில் மீண்டும் ஆரம்பித்து, இப்போது 6 கிலோமீட்டர் தூரத்தை ஏறக்குறைய 50 நிமிடங்களில் மூச்சிரைக்காமல் ஓடுகிறேன். செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை ஜவ்வாது மலை அடிவாரத்தில் இந்தப் பருவத்தின் முதல் மலைப்பாதை ஓட்டம் நடக்கிறது. தோழியர் நால்வருடன் 21 கிலோமீட்டர் பிரிவில் பதிவு செய்திருக்கிறேன். 10 கிலோமீட்டர் பிரிவும் உண்டு. இன்னும் எட்டு வாரங்கள் உள்ளன. கணவர் வேண்டாம் என்கிறார், தோழியர் வந்தே ஆக வேண்டும் என்கிறார்கள். நான் என்ன செய்வது?
வாசகி, காட்பாடி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

ஓடுங்கள், ஆனால் 21 கிலோமீட்டர் வேண்டாம். இந்த வாரமே போட்டி அமைப்பாளர்களிடம் பேசி 10 கிலோமீட்டர் பிரிவுக்குப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றித் தர மறுத்தால், கட்டிய பணம் போனாலும் போகட்டும் என்று விட்டுவிட்டு, அன்று தோழியருக்குத் தண்ணீர் கொடுக்கும் இடத்தில் நின்றுவிட்டு வாருங்கள். கடுமையாகத் தோன்றினாலும் காரணத்தோடுதான் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைகொள்ள வைத்தவை 'மூச்சிரைக்காமல்' என்ற சொல்லும், அதில் நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கையும்தான். ஓட்டத்தை நிறுத்திய முதல் இரண்டு வாரங்களிலேயே இரத்தத்தில் உள்ள நீர்மப் பகுதியின் அளவு குறைகிறது. அதனால்தான் மீண்டும் தொடங்கும்போது சிறிது தூரத்திலேயே நெஞ்சு படபடக்கிறது. ஆனால் எவ்வளவு வேகமாகக் குறைந்ததோ, அவ்வளவு வேகமாகவே அது ஈடாகவும் செய்கிறது. சில வாரங்கள் ஒழுங்காக ஓடினால் இதயமும் நுரையீரலும் பெருமளவு பழைய நிலைக்கு வந்துவிடுகின்றன. எலும்பை எலும்போடு கட்டும் தசைநாரும், தசையை எலும்போடு கட்டும் தசைநாணும் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அவை வலுப்பெறுவது வாரக் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில்தான். ஆகவே 6 கிலோமீட்டரைச் சிரமமின்றி ஓட முடிகிறது என்பது உங்கள் இதயத்தைப் பற்றிய செய்தியே தவிர, கணுக்காலைப் பற்றிய செய்தி அன்று. ஓய்வுக்குப் பின் திரும்பி வருபவர்களில் பலர் இரண்டாம் முறை அடிபடுவது, மூச்சு கொடுக்கும் தைரியத்தைக் கால் மீது ஏற்றுகிற இந்தக் கட்டத்தில்தான்.

கணுக்கால் பிசகும்போது தசைநார் மட்டும் சேதமடைவதில்லை. பாதம் எந்தச் சாய்வில் இருக்கிறது என்று மூளைக்கு அறிவிக்கும் நரம்பு முனைகளும் பாதிக்கப்படுகின்றன. வலி போன பிறகும் அந்த உணர்வு மந்தமாகவே இருக்கலாம். தார்ச்சாலையில் அது தெரியாது, உருளும் கல் ஒன்றில் கால் வைக்கும்போதுதான் தெரியும். இன்றே ஒரு சோதனை செய்து பாருங்கள். சுவர் அருகே ஒற்றைக் காலில் நின்று கண்களை மூடி, எத்தனை நொடிகள் தடுமாறாமல் நிற்க முடிகிறது என்று இடது காலிலும் வலது காலிலும் எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு ஒற்றைக் காலில் நின்றபடியே குதிகாலை முழுவதுமாக உயர்த்தி இறக்கி, ஒவ்வொரு காலும் எத்தனை முறை தாங்குகிறது என்று பாருங்கள். வலது கால் தெளிவாகப் பின்தங்கினால், மலைப்பாதையில் கால் வைப்பதற்கு முன் ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்துவிடுங்கள். இந்த விஷயத்தில் வேலூர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே நோயாளிகளுக்கு மறுவாழ்வுச் சிகிச்சை அளித்த டாக்டர் மேரி வர்கீஸ் பணியாற்றிய ஊர் இது. பின்தங்கவில்லை என்றாலும், இவ்விரண்டு பயிற்சிகளையும் காலையில் பல் துலக்கும் நேரத்தில் தினமும் செய்து வாருங்கள்.

இனி இறக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். மலைப்பாதை ஓட்டம் என்றாலே எல்லாரும் ஏற்றத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஏற்றத்தில் நடந்துவிடலாம், செங்குத்தான சரிவில் அதே வேகத்துக்கு ஓடுவதைவிட நடப்பதற்கே குறைந்த ஆற்றல் செலவாகும், அதில் எந்தக் குறைவும் இல்லை. காலை உடைப்பது இறக்கம்தான். இறங்கும்போது முன்தொடைத் தசை, உடலின் எடையைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. சுருங்கி வேலை செய்யப் பழகிய தசை இப்படி நீண்டு வேலை செய்யும்போது அதன் நுண்ணிய இழைகள் சேதமடைகின்றன. அந்த வலி அன்று தெரியாது, இரண்டாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும். பல ஆண்டுகளுக்கு முன் டைபாய்டு காய்ச்சலில் இருந்து எழுந்த இரண்டாம் மாதத்தில், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் பொன்னேரி வரை ஒரே மூச்சில் ஓடி இறங்கினேன். அடுத்த நான்கு நாட்கள் வீட்டு மாடிப்படியில் பின்புறமாகத்தான் இறங்க முடிந்தது. மூச்சு அன்று சிறிதும் வாங்கவில்லை என்பதை இப்போதும் வருத்தத்தோடு நினைத்துக்கொள்கிறேன்.

இதற்கு மருந்தும் இறக்கம்தான், ஆனால் சிறிய அளவில். ஒருமுறை மிதமாக இறங்கிப் பழகிய தசைக்கு அடுத்த முறை சேதம் குறைகிறது. அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் வரை நீடிக்கிறது. எனவே ஜூலை மாதத்தில் பத்து நாட்களுக்கு ஒருமுறை ரத்தினகிரி முருகன் கோயிலுக்குச் சென்று, தரிசனம் முடிந்து கைப்பிடியைப் பிடிக்காமல் நிதானமாக, ஒவ்வொரு படியிலும் எடையை உணர்ந்து இறங்கி வாருங்கள். உடல் அதற்கு ஒத்துழைத்தால், ஆகஸ்ட் முதல் பாதியில் ஒரே ஒரு முறை சோளிங்கர் பெரிய மலைக்குச் செல்லுங்கள். 1,305 படிகளும் உங்களுக்குப் போதுமான பயிற்சி. படிகளில் ஓடவே கூடாது. அங்கே பக்தர்களும் இருக்கிறார்கள், குரங்குகளும் இருக்கின்றன.

ஓட்டத்தைப் பொறுத்தவரை வாரத்தில் மூன்று நாட்கள் போதும். நாள் முழுவதும் வகுப்பில் நிற்பவர் நீங்கள் என்பதால் மாலையில் கெண்டைக்கால் களைத்திருக்கும், காலையிலேயே ஓடிவிடுங்கள். இரண்டு நாட்கள் இப்போதுள்ள அளவே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை மட்டும், கிலோமீட்டரைப் பார்க்காமல் நேரத்தைப் பார்த்து, 50 நிமிடங்களில் தொடங்கி வாரத்துக்குப் பத்து நிமிடங்களுக்கு மேல் கூட்டாமல், நான்காவது வாரத்தில் சற்றுக் குறைத்து, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்துக்குள் 90 நிமிடங்களுக்குக் கொண்டு வாருங்கள். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் சரியான வேகம். கடைசி வாரத்தில் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

பாலாற்று மணலுக்கு இந்த ஆண்டு திரும்ப வேண்டாம். ஆழ்ந்த மணலில் குதிகால் புதைவதால் அதன் தசைநாண் அளவுக்கு மீறி இழுபடுகிறது, பாதமும் பக்கவாட்டில் சரிகிறது. கழிஞ்சூர் ஏரிக்கரை போன்ற கெட்டியான மண்பாதைதான் இப்போது உங்களுக்கு ஏற்றது. வேலிக்காத்தான் முள் ஷூவின் அடிப்பாகத்தையே துளைத்துவிடும் என்பதால், வீடு திரும்பியதும் ஷூவைத் திருப்பிப் பாருங்கள். விடியலுக்கு முன் புதர் அடர்ந்த பாதைகளில் தனியாகச் செல்லாதீர்கள். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் நம் பகுதியில் உண்டு.

போட்டி நாளில் கூட்டத்தின் பின்வரிசையில் நின்று புறப்படுங்கள். செப்டம்பரில் நம் பக்கம் மாலையில் இடி மழை பெய்து, மறுநாள் காலையில் காற்று ஈரமாகிக் கனத்திருப்பது வழக்கம். வியர்வை உலராததால், வெயில் ஏறும் முன்பே உடல் சூடாகிவிடும். தாகத்துக்குத் தக்கபடி குடியுங்கள். பயத்தில் லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீரைக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு ஆபத்தான வகையில் குறைந்துவிடும். பழகிய உப்பு மோரோ, பொட்டலத்தில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் கரைத்த ஓ.ஆர்.எஸ். கரைசலோ கையில் இருக்கட்டும். பயிற்சியின்போது சாப்பிட்டுப் பார்க்காத எதையும் அன்று சாப்பிடாதீர்கள். இறக்கத்தில் எட்டி வைக்காமல், குறுகிய அடிகளாக, மூன்று நான்கு காலடி தூரம் முன்னால் உள்ள தரையைப் பார்த்து இறங்குங்கள். வலது கணுக்காலின் வலியால் நடையே மாறுகிறது என்றால், எந்த இடமாக இருந்தாலும் அங்கே நிறுத்திவிடுங்கள்.

உங்கள் கணவரின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. 10 கிலோமீட்டர் என்று கேட்டால் அவரும் சம்மதிப்பார் என்று நினைக்கிறேன். தோழியரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அன்று காலை தொடக்கக் கோட்டில் நின்றுகொண்டு சொல்லாதீர்கள். அவர்கள் வற்புறுத்தினால் அந்த இடத்தில் மறுக்க உங்களால் முடியாது. 21 கிலோமீட்டர் எங்கும் போய்விடவில்லை. செப்டம்பர் நல்லபடியாக முடிந்தால், காற்று குளிர்ந்திருக்கும் ஜனவரியில், காயம்பட்டு ஓராண்டு நிறைந்த கணுக்காலோடு அதை ஓடலாம்.

போட்டிக்குப் பிந்தைய செவ்வாய்க்கிழமை பள்ளி மாடிப்படியில் இறங்கும்போது தொடை எப்படி இருந்தது, கண் மூடி நிற்கும் சோதனையில் இரு கால்களின் கணக்கும் என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள். ஜனவரிக்கான பயிற்சியை அவற்றைப் பார்த்துச் சொல்கிறேன்.