பெயரை விடுங்கள், ஊரைப் பிடியுங்கள்

வணக்கம் சார்,

அமெரிக்கக் குடியேறிகள் பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்த துணிச்சலில்தான் இதைக் கேட்கிறேன். நான் மினியாபொலிஸில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். அவருடைய கொள்ளுத்தாத்தா 1861இல் நார்வேயிலிருந்து தனியாக வந்த இளைஞர். எந்த ஊர், எந்தக் கப்பல், ஒன்றும் தெரியாது. “நீ கம்ப்யூட்டர் ஆள்தானே, தேடிக் கொடேன்” என்றார். எல்லிஸ் தீவுப் பட்டியலில் தேடினேன், இல்லை. நார்வே ஆவணக் காப்பகத்தின் தளத்தில் தேடினால் அதே பெயரில் நூற்றுக்கணக்கான பேர் வந்து நிற்கிறார்கள். கப்பலிலிருந்து இறங்கியபோது அதிகாரி பெயரை மாற்றி எழுதிவிட்டார் என்று அவர்கள் வீட்டில் ஒரு கதை வேறு உண்டு. எங்கிருந்து தொடங்குவது?

இன்னொன்று. என் சொந்தக் கொள்ளுத்தாத்தாவின் பெயர் எனக்கே தெரியாது என்பது இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் உறைத்தது. அதற்கும் ஏதாவது வழி உண்டா?

ர., மினியாபொலிஸ்

அன்புள்ள ர.,

முதலில் எல்லிஸ் தீவை மூட்டை கட்டி வையுங்கள். நியூயார்க்கில் வந்து இறங்கும் குடியேறிகளைச் சரிபார்த்து உள்ளே விட்ட அந்த நிலையம் திறக்கப்பட்டது 1892 ஜனவரி 1 அன்று. அதற்கு முன்பு நியூயார்க்கில் இருந்தது கேஸில் கார்டன், 1855 ஆகஸ்டிலிருந்து. ஆனால் உங்கள் ஆள் நியூயார்க்கிலேயே இறங்கியிருக்க மாட்டார் என்பது என் ஊகம். 1849இல் பிரிட்டன் தன் கப்பல் சட்டங்களைத் தளர்த்தியது. கனடாவிலிருந்து மரம் ஏற்றிச் செல்ல நார்வேக் கப்பல்களுக்கும் வழி திறந்தது. மரம் ஏற்ற வரும் கப்பல் காலியாக ஏன் வர வேண்டும்? வரும்போது ஆட்களை ஏற்றிக்கொண்டது. அதனால் 1850களிலும் 60களிலும் நார்வேக்காரர்களில் பெரும்பாலோர் கியூபெக்கில் இறங்கி, அங்கிருந்து பெரிய ஏரிகள் வழியாக விஸ்கான்சின், மினசோட்டா பக்கம் போனார்கள். கியூபெக்கின் பயணிகள் பட்டியல்கள் 1865இலிருந்துதான் ஒழுங்காக இருக்கின்றன. நார்வேயின் துறைமுகப் போலீசார் வெளியேறுபவர்களைப் பதிவு செய்ய ஆரம்பித்தது 1867இல்.

ஆக, பட்டியல்கள் தொடங்குவதற்குச் சற்று முன்னால் நழுவிப் போன மனிதர் அவர். கப்பலின் பெயர் கடைசி வரை கிடைக்காமலே போகலாம். போகட்டும். கிடைத்தாலும் சட்டம் போட்டு மாட்டத்தான் உதவும்.

அப்புறம் அந்த அதிகாரி கதை. பாதி அமெரிக்கக் குடும்பங்களில் இது உண்டு. இறங்குதுறை அதிகாரி யாருக்கும் பெயர் வைக்கவில்லை. கப்பல்காரர்கள் எழுதிக் கொண்டுவந்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தார், அவ்வளவுதான். பெயரை மாற்றிக்கொண்டது வந்தவரேதான். பள்ளிக்கூட வாத்தியாரும் கணக்கெடுப்புக்காரரும் ஆளுக்கொரு எழுத்தைக் கூட்டிக் குறைத்திருப்பார்கள்.

மாற்றிக்கொள்ள ஏன் அவ்வளவு இடம் இருந்தது என்றால், அவருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கவே இல்லை. உங்கள் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை ‘லாஸ்ட் நேம்’ கட்டத்தில் போட்டபோது உங்களுக்கு என்ன நடந்ததோ அதுதான் அவருக்கும் நடந்தது. நார்வே கிராமத்து மனிதருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று. பின்னால் அப்பா பெயரோடு ‘சன்’, பெண்ணென்றால் ‘டாட்டர்’. அதற்கும் பின்னால் குடியிருக்கும் பண்ணையின் பெயர். மூன்றாவது பெயர் முகவரி மாதிரிதான். பண்ணை மாறினால் அதுவும் மாறும். மனைவி வீட்டுப் பண்ணைக்குக் குடிபோன மாப்பிள்ளை அந்தப் பண்ணையின் பெயரில் வழங்கப்படுவார். ஒரே மனிதர் திருமணப் பதிவில் ஒரு பெயரிலும் பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவுகளில் வேறு பெயரிலும் வருவார். எல்லோரும் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நார்வே சட்டம் போட்டதே 1923இல்.

க்னூட் நெல்சனை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மினசோட்டாக்காரர்தான். ஆளுநராக இருந்தவர், பிறகு 1895இலிருந்து 1923இல் இறக்கும் வரை செனட்டர். இவ்வளவு பிரபலமான ஆளையே பெயரை மட்டும் வைத்துத் தேடினால் எங்கே கொண்டுபோய் விடும் பாருங்கள்.

அவர் பிறந்தது 1843 பிப்ரவரி 2, நார்வேயின் வோஸ் பகுதியில் எவாங்கர் என்ற ஊரில். நெல்சன் என்றால் நில்ஸின் மகன். எனவே அந்த வட்டாரத் தேவாலயப் பதிவேட்டில் நில்ஸ் என்ற அப்பாவுக்குப் பிறந்த க்னூட் என்ற பையனைத் தேடுவோம். வோஸில் க்னூட்டும் நில்ஸும் நிறைய. யாராவது ஒரு பையன் கிடைத்தே தீருவான். கிடைத்தவனைப் பிடித்துக்கொண்டு அவனுடைய தாத்தா, பாட்டி, முப்பாட்டன் என்று பதினேழாம் நூற்றாண்டு வரை மரம் வரைந்துவிடலாம். மொத்தமும் வேறு யாருடைய குடும்பமோ.

ஏனென்றால் அவர் அப்பாவின் பெயர் நில்ஸ் அல்ல. தாய் இங்கெபியோர்க் ஹால்டர்ஸ்டாட்டர் க்விலெக்வாலுக்கு அப்போது திருமணம் ஆகவில்லை. அந்தக் காலத்து நார்வேப் பதிவேடுகளில், முறையாகப் பிறந்த குழந்தையா இல்லையா என்பதற்கே தனியாக ஒரு கட்டம் உண்டு. அப்பா என்று ஹெல்கே க்னூட்சன் ஸ்டூவே என்பவரின் பெயர் பதிவாகியிருக்கிறது. அது உண்மைதானா என்பதற்கு வேறு ஆதாரம் இல்லை. பல சிறைகளை உடைத்துத் தப்பிய பிரபல திருடன் யெஸ்ட் போர்ட்சன்தான் அப்பா என்றுகூட ஊரில் ஒரு பேச்சு இருந்தது. செனட்டர் ஆகிவிட்டால் வதந்தியும் பெரிய இடத்திலிருந்துதான் வரும் போலிருக்கிறது.

அவர்கள் இருந்த பண்ணையை வைத்துப் பிழைக்க முடியாமல் இங்கெபியோர்க்கின் சகோதரர் அதை விற்றுவிட்டு 1843இல் சிகாகோவுக்குப் போய்விட்டார். இங்கெபியோர்க் குழந்தையோடு பெர்கன் நகரத்துக்குப் போய் வீட்டுவேலை செய்தார். பிறகு கடன் வாங்கி, ஆறு வயதுப் பையனோடு கப்பலேறி, 1849 ஜூலை 4 அன்று நியூயார்க்கில் இறங்கினார். அன்று நகரத்தில் வெடித்த வாணவேடிக்கை நெல்சனுக்கு வயதான பிறகும் நினைவில் இருந்தது. இதைச் சொல்லும் பல இடங்களில் கேஸில் கார்டனில் இறங்கினார் என்று போட்டிருப்பார்கள். அந்த வருடம் கேஸில் கார்டன் ஒரு கேளிக்கை அரங்கம்! ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்து எழுதினால் இப்படித்தான் ஆகும். வம்சாவளித் தளங்களில் மற்றவர்கள் ஏற்றி வைத்திருக்கும் மரங்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று இதனால்தான் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இங்கெபியோர்க் தன்னை விதவை என்று சொல்லிக்கொண்டார். பொய்தான். கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து ஒருத்தியாகவே வளர்த்த பையனோடு, கடன்பட்டு வந்து இறங்கிய பெண் வேறு என்ன சொல்ல முடியும்? இந்த ஒரு பொய்யும் ஞானஸ்நானப் பதிவின் அந்த ஒரு கட்டமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் அந்தப் பெண் எப்படிப்பட்ட ஊரை விட்டு வந்தாள் என்பது புரிகிறது. இவற்றில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லி ஒன்றைக் குப்பையில் போடுகிற ஆராய்ச்சியாளர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

1850 இலையுதிர்காலத்தில் அவர் நில்ஸ் ஓல்சன் க்ரோட்லாண்ட் என்ற வோஸ்காரரை மணந்தார். பையன் வளர்ப்புத் தந்தையின் முதற்பெயரிலிருந்து நெல்சன் ஆனான். அமெரிக்காவில் எல்லோருடைய பெயரையும் (அடிமைகளைத் தவிர) வீடு வீடாக எழுதிய முதல் கணக்கெடுப்பு அதே 1850இல், ஜூன் 1 நிலவரப்படி நடந்தது. அந்தத் தேதியில் க்னூட் நெல்சன் என்று ஒருவன் உலகத்திலேயே கிடையாது. அதே பெயரில் எவ்வளவு தேடினாலும் பயனில்லை. எவாங்கர், வோஸ், க்விலெக்வால் பண்ணை என்று ஊர் வழியாகப் போனவர்களுக்குத்தான் அவர் கிடைத்தார்.

உங்கள் பாட்டியின் ஆளுக்கும் அதே வழிதான். ஊரைக் கண்டுபிடிக்கும் வரை நார்வே தளத்தின் பக்கமே போகாதீர்கள். ஊர் பெயர் அமெரிக்காவில்தான் எங்காவது இருக்கும். கணக்கெடுப்புத் தாள்களில் ‘நார்வே’ என்று மட்டும் இருக்கும், அது போதாது. 1900 கணக்கெடுப்பில் பிறந்த மாதமும் வருடமும் வந்த வருடமும் கேட்டிருக்கிறார்கள், அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 1890 கணக்கெடுப்பைத் தேடி நேரத்தைக் கெடுக்க வேண்டாம். 1921 தீ விபத்தில் அநேகமாக எல்லாம் போயிற்று. ஊருக்கு நல்ல இடம் லுத்தரன் சபைகளின் பதிவேடுகள். நார்வேயிலிருந்து வந்த போதகர்கள் ஊரில் எழுதிப் பழகியபடியே இங்கும் எழுதினார்கள். உறுப்பினர் பட்டியலிலோ அடக்கப் பதிவிலோ பிறந்த பங்கின், அதாவது தேவாலய வட்டாரத்தின், பெயர் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவர் எங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்று பாட்டிக்குத் தெரிந்தால், அந்த ஊர்ச் சபையிலிருந்து தொடங்குங்கள். அடுத்தது ‘டெகோரா போஸ்டன்’ போன்ற நார்வே மொழிப் பத்திரிகைகளின் இரங்கல் குறிப்புகள். இன்ன வட்டாரத்துக்காரர்கள் என்று கூடி அவர்கள் நடத்திய ஊர்ச் சங்கங்களின் மலர்களையும் பாருங்கள்.

குடியுரிமைத் தாள் கிடைத்தால் பாட்டியை முன்கூட்டியே தயார்படுத்திவிடுங்கள். அதில் ‘சுவீடன், நார்வே அரசருக்கான விசுவாசத்தைத் துறக்கிறேன்’ என்று இருக்கும். 1814 முதல் 1905 வரை இரண்டு நாட்டுக்கும் ஒரே அரசர். இதைப் பார்த்துவிட்டு நாம் சுவீடன்காரர்களா என்று கலங்கிப் போனவர்கள் உண்டு.

ஊர் கிடைத்துவிட்டால் அதன் பிறகு நார்வே சுகம். ஆவணக் காப்பகம் பதிவேடுகளின் பக்கங்களையே இலவசமாகப் போட்டிருக்கிறது. 1812இலிருந்து பாதிரியார் ஒரு பிரதியும் சபையின் உதவியாளர் ஒரு பிரதியும் வைத்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இரவு தங்கக் கூடாது என்பது விதி. தீக்குப் பயந்து செய்த ஏற்பாடு, நமக்குத்தான் லாபம். 1861இல் இளைஞர் என்றால் அவருடைய திடப்படுத்தல் பதிவு கட்டாயம் இருக்க வேண்டும். பதினைந்து வயதை ஒட்டி எல்லோரும் செய்துகொள்ள வேண்டிய சடங்கு அது. அந்த ஒரு வரியில் பெற்றோர் பெயர், பண்ணை, பிறந்த தேதி, அம்மை குத்தியது, அப்புறம் வேத அறிவுக்கும் நடத்தைக்கும் பாதிரியார் போட்ட மதிப்பீடு எல்லாம் இருக்கும். கொள்ளுத்தாத்தா சுமாரான பையன் என்று தெரிந்தால் பாட்டி சிரிப்பார். ஊரை விட்டுப் போனவர்களுக்கும் தனிப் பகுதி உண்டு. அதில் அவர் பெயருக்கு எதிரே அமெரிக்கா என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் ஆள் அவரேதான்.

அடுத்து 1865 கணக்கெடுப்பு. அவர் அதில் இருக்க மாட்டார், அவர் விட்டுவிட்டு வந்தவர்கள் இருப்பார்கள். அப்பா, அம்மா, தங்கை. அதோடு எத்தனை மாடு, எத்தனை ஆடு, எவ்வளவு ஓட்ஸ் விதைத்தார்கள், எவ்வளவு உருளைக்கிழங்கு என்பது வரை எழுதியிருப்பார்கள். இங்கே ஒரு இடி விழவும் கூடும். ‘அந்தப் பண்ணை நம்முடையது, அதனால்தான் நமக்கு அந்தப் பெயர்’ என்று அமெரிக்காவில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். தாளில் பார்த்தால், பண்ணைக்காரரின் நிலத்தில் குடிசை போட்டு, அதற்குப் பதிலாக உழைப்பைக் கொடுத்த குடியானவராக இருப்பார். பண்ணையின் பெயர் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

அவர் 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி நிலம் பெற்றிருந்தால் அந்தக் கோப்பைக் கட்டாயம் வரவழையுங்கள். 160 ஏக்கர் அரசு நிலம் கிடைக்க, அதில் ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்ய வேண்டியிருந்தது. வீட்டின் அளவு, எத்தனை ஏக்கர் உழுதார், அண்டை வீட்டார் சொன்ன சாட்சி என்று நிறைய இருக்கும். அதே நிலத்தின் முந்தைய பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். தெற்கு மினசோட்டா என்றால் 1851 ஒப்பந்தங்களிலும், அமெரிக்க அரசோடு நடந்த 1862 போருக்குப் பிந்தைய வெளியேற்றத்திலும் டகோட்டா மக்கள் இழந்த நிலம் அது. வடக்கில் ஒஜிப்வே மக்களின் ஒதுக்கீட்டு நிலங்களைத் துண்டு போட்டு விற்க வழி செய்த 1889 சட்டத்துக்கு நெல்சன் சட்டம் என்றே பெயர். பண்ணை கைவிட்டுப் போய்க் கப்பலேறிய குடும்பத்தின் அதே க்னூட் நெல்சன்தான். பாட்டியிடம் இதைச் சொல்வதா என்பது உங்கள் விருப்பம். நானாக இருந்தால் சொல்வேன்.

உங்கள் கொள்ளுத்தாத்தாவின் ஊர் உங்களுக்குத் தெரியும் என்பதே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. அப்பாவிடம் பழைய நிலப் பத்திரம் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று ஒவ்வொரு பத்திரமும் ஒரு தலைமுறை மேலே ஏற்றிவிடும். நிலமே இல்லாத குடும்பம் என்றால் வழி வேறு, அதைத் தனியாக எழுதுங்கள்.

நார்வேப் பதிவேடுகளின் பழைய கோத்திக் கையெழுத்து முதலில் புரியவே புரியாது. மாதப் பெயர்களையும் அந்தப் பங்கின் பண்ணைப் பெயர்களையும் முதலில் பழகிக்கொண்டால் மற்றது தானாக வரும். சிக்கிக்கொண்டால் விஸ்கான்சின் மேடிசனில் நார்வே அமெரிக்க வம்சாவளி மையமும் நேஸத் நூலகமும் இருக்கின்றன, இதற்கென்றே உட்கார்ந்திருக்கிறார்கள். மினியாபொலிஸிலிருந்து காரில் ஒரு நாளில் போய் வந்துவிடலாம். பாட்டியையும் அழைத்துப் போவதாக இருந்தால் பனிக்கு முன்னால் போய்விடுங்கள்.

அன்புடன்.