வேகமாக வளரும் கவுண்டியில் வீடு வாங்கினால், பக்கத்துக் காலி நிலத்தில் என்ன வரும் என்று முன்பே தெரியுமா?

(கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது: "வர்ஜீனியாவுக்கு மாறுகிறோம். லவுடன் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி), ஆஷ்பர்ன் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கம் புது டவுன்ஹவுஸ் (சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு) பார்த்திருக்கிறோம். பின்புறம் அடர்த்தியான மரங்கள். அது அப்படியேதான் இருக்கும் என்கிறார்கள் விற்பனை அலுவலகத்தில். நம்பலாமா? அமெரிக்காவில் எல்லாம் திட்டமிட்டுத்தானே கட்டுவார்கள்?")

தெரியும். வாங்குவதற்கு முன்பே, காசு செலவில்லாமல், வீட்டில் உட்கார்ந்தபடியே தெரிந்துகொள்ளலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய ஆள் விற்பனை அலுவலகத்தில் காபி கொடுப்பவர் இல்லை.

உங்களுக்குப் பள்ளி வயதில் பிள்ளை இருக்கும், வாடகை கொடுத்துச் சலித்திருப்பீர்கள், அந்த மரங்களைப் பார்த்ததும் உங்கள் வீட்டில் "இதுதான்" என்று முடிவாகியிருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் நாங்கள் அப்படித்தான் இருந்தோம்.

எங்களுக்கும் ஒரு டவுன்ஹவுஸ் காட்டினார்கள். பின்னால் மரங்கள், இலையுதிர் காலம் வேறு, கேட்கவா வேண்டும். எந்த பில்டர் என்று சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள். விற்பனைப் பெண்மணி சுவரில் மாட்டியிருந்த பெரிய வண்ணப்படத்தைக் காட்டினார். எங்கள் வரிசைக்குப் பின்னால் இளம்பச்சை வண்ணம் பூசியிருந்தது. "மரங்கள் எங்கேயும் போகாது" என்றார். அந்தப் பச்சை நிலம் உங்கள் கம்பெனிக்குச் சொந்தமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, கிரானைட் மேடையைப் பார்க்கலாமா என்றார்.

எனக்கு அங்கேயே உறுத்தியது. என் அப்பா கோவில்பட்டியில் பத்திர எழுத்தர். வில்லங்கம் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர். அன்று இரவு கவுண்டியின் இணைய வரைபடத்தைத் திறந்தேன். அப்போது அதற்கு வெப்லோகிஸ் என்று பெயர். எந்த மனையைத் தொட்டாலும் யார் பெயரில் இருக்கிறது, எத்தனை ஏக்கர், என்ன ஜோனிங் (அதாவது அந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்ற வகைப்பாடு), வெள்ளப்பகுதியில் வருகிறதா என்பதெல்லாம் கட்டம் கட்டமாகக் காட்டும். மரங்கள் இருந்த நிலம் வேறொரு நிறுவனத்தின் பெயரில் இருந்தது. ஜோனிங், தொழிற்பூங்கா. மறுநாள் லீஸ்பர்க்கில் இருக்கும் கவுண்டி அலுவலகத்துக்குப் போன் செய்து, இங்கே என்ன கட்டலாம் என்று கேட்டேன். எடுத்தவர் பொறுமையாகப் பட்டியலைப் படித்துக் காட்டினார். அதில் டேட்டா சென்டரும் இருந்தது, அதாவது இணையத்துக்கான கணினிகளை அடுக்கி வைக்கும் பெரிய கட்டிடம்.

நாங்கள் அந்த வீட்டை வாங்கவில்லை. நண்பர்கள் வட்டத்தில் கிண்டல். "இவன் வீடு வாங்குறானா, ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுறானா?" அந்த வரிசையிலேயே எங்களுக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்கள் வாங்கினார்கள், கிரகப்பிரவேசத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டும் வந்தோம். சில வருடங்கள் மரங்கள் நின்றன. அப்புறம் ஒரு வசந்த காலத்தில் மொத்தமாகப் போய்விட்டன. இப்போது அங்கே ஜன்னல் இல்லாத சாம்பல் நிறச் சுவர்தான், மாடிப் படுக்கையறையிலிருந்து பார்த்தால் வானம் பாதிதான் தெரியும். கூரை மேல் குளிர்விப்பான்கள் ராத்திரி பகலாக ஓடுகின்றன.

வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கேட்ட கேள்வி: "பொது விசாரணை எப்போது நடந்தது? எங்களுக்கு ஏன் நோட்டீஸ் வரவில்லை?" நடக்கவே இல்லை, நடக்க வேண்டிய அவசியமும் இல்லை. இங்கே இதை பை-ரைட் என்பார்கள். ஜோனிங் ஏற்கெனவே அனுமதித்த ஒன்றைக் கட்டுவதற்கு நிலத்துக்காரர் யாரிடமும் போய் நிற்க வேண்டாம். வரைபடமும் வடிகாலும் விதிப்படி இருக்கிறதா என்று அதிகாரிகள் சரிபார்ப்பார்கள், அவ்வளவுதான். ஜோனிங்கை மாற்றக் கேட்டால்தான் அறிவிப்புப் பலகை, விசாரணை, மைக்கில் பேச்சு எல்லாம். தொழிற்பூங்கா வகை நிலங்களில் டேட்டா சென்டருக்கு இந்த பை-ரைட் உரிமையை கவுண்டியை ஆளும் மேற்பார்வையாளர் குழு எடுத்தது 2025 மார்ச்சில்தான். அதற்குப் பிறகு புதிதாக வருபவர்கள் சிறப்பு அனுமதி கேட்டு விசாரணைக்கு வர வேண்டும். எங்கள் நண்பர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

உடனே சிலர் கீழே கருத்துப் பகுதிக்கு வந்து "டேட்டா சென்டர் வேண்டாமென்றால் உன் போனைத் தூக்கி எறி" என்று எழுதுவீர்கள். ஐயா, நான் வேலை பார்ப்பதே கிளவுடில்தான். அந்தக் கட்டிடங்களில் ஏதோ ஒன்று என் சம்பளத்தையும் போடுகிறது. கவுண்டி சொல்லும் கணக்குப்படி டேட்டா சென்டருக்கு ஒரு டாலர் சேவை செய்தால் 26 டாலர் வரியாகத் திரும்புகிறது. 2013-இல் 100 டாலர் வீட்டு மதிப்புக்கு 1.205 டாலராக இருந்த சொத்து வரி விகிதம் 2025-இல் 0.805-க்கு இறங்கியது. டேட்டா சென்டர்கள் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்புவதில்லை, சாலையில் நெரிசல் சேர்ப்பதில்லை. அதனால்தான் எந்தக் குழு வந்தாலும் அவற்றைக் கைவிட மனம் வருவதில்லை. நான் சொல்வது ஒன்றே ஒன்று: அது வரும் என்பது வரைபடத்தில் இருந்தது, விற்றவர் வாயில் இல்லை.

"எல்லாம் திட்டமிட்டுத்தானே" என்ற உங்கள் வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. ஊரில் இருக்கும் உறவினர்கள் எல்லோரும் இதையே சொல்கிறார்கள். திட்டம் இருக்கிறது, உண்மை. 2019 ஜூனில் ஏற்றுக்கொண்ட பொதுத் திட்டம் கவுண்டியையே பிரித்து வைத்திருக்கிறது. கிழக்கே மெட்ரோ நிலையங்களைச் சுற்றி நெருக்கமான நகர்ப்பகுதி, அதைச் சூழ்ந்து புறநகர், நடுவில் இடைப்பகுதி, மேற்கே திராட்சைத் தோட்டமும் குதிரைப் பண்ணையுமாகக் கிராமப் பகுதி. நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு அந்தக் கிராமப் பகுதிதான். 1990-இல் இங்கே மக்கள்தொகை 86,000 சொச்சம், 2020-இல் 4,20,000-க்கு மேல். முப்பது வருடத்தில் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. அதைத் தாங்கிய பிறகும் மேற்கே போனால் இன்னும் மாடு மேய்கிறது என்றால், யாரோ வேலை செய்திருக்கிறார்கள் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதுவும் சும்மா நடக்கவில்லை. கிராமப் பகுதியில் வீடுகளின் அடர்த்தியைக் குறைத்து 2003-இல் விதி போட்டார்கள். விளம்பர அறிவிப்பு முறையாக இல்லை என்று 2005-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கிப் போட்டது. 2006-இல் மறுபடி முதலிலிருந்து போட்டார்கள்.

ஆனால் திட்டம் போடுபவர் கையில் எல்லாம் இல்லை. வர்ஜீனியாவில் கவுண்டிக்கு மாநிலம் கொடுத்த அதிகாரம் மட்டும்தான் உண்டு. பள்ளிக்கூடம் கட்டி முடியும் வரை புது வீடு கிடையாது என்று இங்கே கவுண்டியால் சொல்ல முடியாது. வீட்டுக்கு அனுமதி கவுண்டி. சாலை மாநிலத்தினுடையது, 1932-இல் கவுண்டிச் சாலைகளை மாநிலம் எடுத்துக்கொண்டதிலிருந்து அப்படி. பள்ளி எல்லையைப் போடுவது தனியாகத் தேர்தலில் நிற்கும் பள்ளி வாரியம். ஆஷ்பர்ன் ஒரு நகராட்சியே இல்லை, மேயர் கிடையாது. லீஸ்பர்க் போல ஏழு ஊர்களுக்குத்தான் சொந்த நகர மன்றம். ரீஜோனிங், அதாவது ஜோனிங் மாற்றம், கேட்கும் பில்டரிடம் பள்ளிக்கு நிலம், சாலைக்குக் காசு என்று உறுதிமொழி வாங்கும் பழக்கம் உண்டு, இங்கே அதற்குப் பெயர் புராஃபர். வீட்டுத் திட்டங்களில் அதை எவ்வளவு கேட்கலாம் என்பதை 2016-இல் மாநிலச் சட்டம் இறுக்கியது.

பள்ளி விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் நீங்கள் பள்ளி மதிப்பெண் பார்த்துத்தான் வீட்டைத் தேர்ந்திருப்பீர்கள். 2000-இல் இங்கே 31,000 சொச்சம் மாணவர்கள், 2019-க்குள் 80,000-ஐத் தாண்டிவிட்டது. 2012-க்கும் 2020-க்கும் நடுவில் மட்டும் ஜான் சாம்ப், ராக் ரிட்ஜ், ரிவர்சைட், இண்டிபெண்டன்ஸ், லைட்ரிட்ஜ் என்று ஐந்து உயர்நிலைப் பள்ளிகள் திறந்தார்கள். ஒவ்வொன்று திறக்கும்போதும் எல்லைக்கோடு நகரும். எங்கள் பெரியவளுக்கும் நகர்ந்தது. ஒரு வாரம் அழுதாள், அப்புறம் புதுப் பள்ளியில் சேர்ந்த தோழிகள்தான் இன்று வரை. யாரையும் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை. "இந்த முகவரிக்கு இந்தப் பள்ளி" என்று விளம்பரத்தில் பார்த்தால் இன்றைய தேதிக்கு மட்டும் என்று படியுங்கள்.

நடைபாதையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாங்கள் கடைசியில் வாங்கியது ஓடைக்கரையை ஒட்டிய வீடு. வெள்ளப்பகுதி என்பதால் அந்த மரங்களை வெட்டிக் கட்டுவது லேசில் நடக்காது. மரம் வேண்டுமென்றால் இப்படித் தேடுங்கள். அப்பா அந்த வீட்டுக்கு முதல்முறை வந்தபோது காலையில் நடக்கக் கிளம்பினார். எங்கள் குடியிருப்புக்குள் நடைபாதை பளிங்கு மாதிரி இருக்கும். எல்லைக்கு வந்ததும் சட்டென்று முடிந்து புல் ஆரம்பிக்கும். ஒவ்வொரு பில்டரும் தன் மனையின் ஓரம் வரைக்கும்தான் போடுவார், நடுவில் இருக்கும் நிலம் விற்கப்படாமல் கிடந்தால் அங்கே பாதையும் கிடையாது. கடையோ ஆறு தடச் சாலைக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியும் தூரம். "எதுக்க தெரியுற கடைக்குக் கார்லயாடா போகணும்?" என்றார். பால் வாங்க இறக்கிவிடு, கூட்டி வா என்று ஊருக்குத் திரும்பும் வரை சின்னப் பையனைப் போல என்னை வேலை வாங்கினார். கவுண்டி இப்போது விடுபட்ட இடங்களை ஒவ்வொன்றாக இணைத்து வருகிறது, எங்கள் பக்கமும் போட்டுவிட்டார்கள். அப்பாவுக்கு இப்போது முட்டி வலி.

சம்பந்தமில்லாமல் ஒன்று. எங்கள் பக்கம் நவராத்திரி கொலுவுக்குப் போனால் சுண்டல் பொட்டலத்தோடு ஒரு விசிட்டிங் கார்டும் வருகிறது. பாட்டு வகுப்பு நடத்துபவர் ரியல்டர் (வீடு விற்றுத் தரும் முகவர்), தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் நிலை எடுப்பவர் ரியல்டர், யோகா மாஸ்டரும் ரியல்டர். நல்லவர்கள்தான், பிழைப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்களிடம் பேசியவர்களில் ஒருவர்கூட அந்த வரைபடத்தைத் திறந்து காட்டியதில்லை. "காலி நிலத்தில் என்ன வரும்?" என்று கேட்டால், "அண்ணா, இந்த ஏரியா அப்ரிஷியேட் ஆகும்" என்பதுதான் பதில். ஆகும்தான். கேட்டது அதுவா?

இன்னொன்று சொன்னால் எங்கள் ஆட்களே அடிக்க வருவார்கள். பக்கத்து நிலத்தில் அடுக்குமாடி வீடு கேட்டு ஒரு ரீஜோனிங் வந்தபோது விசாரணைக்குப் போயிருந்தேன். எதிர்த்துப் பேசியவர்களில் பாதிப் பேர் எங்களுக்குப் பிறகு வந்தவர்கள். நாங்கள் வந்தபோது, அதற்கு முன்னால் வந்தவர்கள் இதே மைக்கில் இதையே பேசியிருக்கிறார்கள். பஸ்ஸில் ஏறினதும் "இடமில்லை, இடமில்லை, ரைட் போங்க" என்று கத்துகிற கதைதான். கடை ஊழியரும் ஆரம்பப் பள்ளி ஆசிரியரும் இங்கே குடியிருக்க முடியாமல் தினமும் பக்கத்து மாநிலமான மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வண்டி ஓட்டி வருகிறார்கள். அதைப் பேச அன்று யாரும் எழுந்திருக்கவில்லை. நானும் பேசப் போனது போக்குவரத்தைப் பற்றித்தான்.

சரி, உங்கள் வீடு. நகர்ப்பகுதித் திட்டம் அந்த நிலையத்தைச் சுற்றி வருகிறது. 2022 நவம்பர் 15 அன்று சில்வர் லைன் மெட்ரோ ஆஷ்பர்ன் வரை வந்ததே அங்கே நெருக்கமாகக் கட்டலாம் என்ற கணக்கோடுதான். இன்று நீங்கள் பார்க்கும் அமைதி சில வருடத்துக்குத்தான். வரைபடத்தில் பின்பக்க மனையைத் தொட்டு மூன்றைப் பாருங்கள்: யாருடையது, ஜோனிங் என்ன, வெள்ளப்பகுதியா. அதோடு டல்லஸ் விமான நிலையத்தின் இரைச்சல் கோடு (விமானச் சத்தம் அதிகமுள்ள பகுதியின் எல்லை) எங்கே போகிறது என்றும் பாருங்கள் (டெக்சஸ் டாலஸ் இல்லை, இது வேறு). ஏற்கெனவே ரீஜோனிங் ஆன நிலம் என்றால் புராஃபர் ஆவணம் இணையத்திலேயே இருக்கும், எத்தனை வீடு, எத்தனை மாடி என்று எழுத்தில் இருக்கும். டவுன்ஹவுஸ் தெரு மாநிலத்தினுடையதா, வீட்டு உரிமையாளர் சங்கத்தினுடையதா என்று கேளுங்கள். சங்கத்தினுடையது என்றால் பனி அள்ளுவதும் தார் போடுவதும் உங்கள் மாதக் கட்டணத்தில்தான்.

இதெல்லாம் பார்த்த பிறகு, ஜன்னலுக்கு எதிரே ஐந்து மாடிக் கட்டிடம் வரும் என்று தெரிந்தும் ரயிலுக்கு நடந்து போகப் பிடிக்கும் என்றால் வாங்குங்கள். எனக்குப் பிடித்திருக்கும். என் மனைவி ஓடையை விட்டு வர மாட்டார்.