உலை அரிசியில் ஒரு பிடி: உபதேசியாரிடம் கேளுங்கள்

முப்பது வருடம் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்துத் திருச்சபைகளில் உபதேசியாராக, அதாவது ஜெபமும் ஆராதனையும் நடத்தும் ஊழியராக இருந்தேன். வந்த கேள்விகளில் நான்குக்கு இங்கே பதில்.

தோத்திரம் ஐயா. தினமும் 1000 பீடி சுற்றினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். முழங்கால் போட்டு ஜெபிக்க நேரமே இல்லை. ஆண்டவர் கோபப்படுவாரா? (முக்கூடல்)

கோபப்பட மாட்டார் அம்மா. கைப்பிடி அரிசி ஞாபகம் இருக்கிறதா? எங்கள் அம்மா உலைக்கு அளந்த அரிசியிலிருந்தே ஒரு பிடி அள்ளி, அடுப்படி மூலையில் இருக்கும் பானையில் போடுவாள். அப்போது உதடு மட்டும் அசையும். காய்ச்சலில் கிடக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை, பம்பாய்க்குப் போன தம்பி என்று யார் பெயராவது வரும். ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசி கோயிலுக்குப் போகும். மிச்சம் மீதி இருந்த வீடு இல்லை எங்களுடையது. அந்த ஒரு பிடிக்குத் தக்கபடி எங்கள் கஞ்சி தண்ணியாகும். 1903இல், பின்னாளில் பேராயரான அசரியாவும் மற்றவர்களும் நம் ஊரில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பியதும் நம் ஜனங்கள் கொடுத்த காணிக்கையை நம்பித்தான்.

உங்களுக்கு 25 பீடி ஒரு கட்டு. ஒவ்வொரு கட்டையும் கட்டும்போது ஒருவர் பெயரைச் சொல்லுங்கள். 1000 பீடிக்கு 40 பேர். சுளவை மடியிலிருந்து இறக்கவே வேண்டாம்.

கன்வென்ஷன் ஜெபக் கூட்டத்தில் அழுது ஜெபித்தேன். வீட்டுக்கு வந்தால் மனசு வறண்டு கிடக்கிறது. ஆண்டவர் விலகிவிட்டாரா, ஐயா? (பாளையங்கோட்டை)

தம்பி, வேதத்தில் ஓரேப் மலையில் எலியா தீர்க்கதரிசிக்கு முன்னால் பெருங்காற்று வந்தது, பூமி அதிர்ந்தது, அக்கினி வந்தது. அவற்றில் கர்த்தர் இருக்கவில்லை. அமர்ந்த மெல்லிய சத்தம்தான் கடைசியில் வந்தது. அதற்கு முன்னால் நடந்ததையும் படியுங்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தவனைத் தேவதூதன் தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் காட்டினான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். திட்டு எதுவும் விழவில்லை. சரி, நீங்கள் நன்றாகத் தூங்கி எத்தனை நாள் ஆகிறது?

வீட்டிலேயே ஜெபித்தால் போதாதா?

போதாது. கோயிலில் நடக்கும் அசன விருந்துக்கு முந்தின ராத்திரி எல்லோரும் சேர்ந்து காய் நறுக்கி, மறுநாள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது தனி வீட்டில் கிடைக்காது.

படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைக் கழுவித் துடைக்கிறேன். எரிச்சல் வருகிறது. இதுவா ஊழியம்? (சாத்தான்குளம்)

ஆமாம் தங்கச்சி, ஊழியம்தான். நம் பக்கத்து டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் விழுந்து அடிபட்டார். அதன்பின் 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்தான். அவரையும் யாரோ புரட்டிப் படுக்க வைத்தார்கள், போர்வை மாற்றினார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. ஏமியின் கல்லறையில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி இருக்கிறது, அதில் அம்மா என்று அழைக்கும் ஒரே சொல் மட்டும் எழுதியிருக்கிறது.

எரிச்சல் எனக்கும் வந்தது. அம்மா கடைசி நாட்களில் கஞ்சியைத் துப்பியபோது கரண்டியை வீசியிருக்கிறேன். அப்புறம் எடுத்துக் கழுவி, அடுத்த வாய் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள்.