போட்டிக்கு எந்த ரிவால்வர்? வட சென்னை அன்பர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இலக்கு சுடும் போட்டிக்காக ரிவால்வர் வாங்க எண்ணும் நம் பகுதி அன்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன். அளவுகள் அனைத்தும் பன்னாட்டுத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிகளின்படி தரப்பட்டுள்ளன.

கேள்வி (ராயபுரம்): ஐயா, ஒரு ரிவால்வர் வாங்கிவிட்டால் எல்லாப் பிஸ்டல் போட்டிகளிலும் கலந்துகொள்ளலாமா?

பதில்: இயலாது. முதலில் போட்டிப் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். துப்பாக்கியைப் பிறகு பார்க்கலாம். ஸ்டாண்டர்டு பிஸ்டல், ரேபிட் ஃபயர் (வேகச் சுடுதல்) ஆகிய பிரிவுகளுக்கு .22 துப்பாக்கி, அதாவது 0.22 அங்குலக் குண்டளவு கொண்டது, வேண்டும். ரேபிட் ஃபயரில் ஐந்து குண்டுகளை 8, 6, 4 வினாடிகளுக்குள் சுட வேண்டியிருப்பதால், ஒவ்வொரு முறையும் ஹேமரை (தோட்டாவை வெடிக்கவைக்கத் தட்டும் சுத்தியலை) பின்னிழுக்க வேண்டிய ரிவால்வர் அங்கே ஈடுகொடுக்காது. ரிவால்வருக்கு உரிய இடம் 25 மீட்டர் சென்டர் ஃபயர் (அடிப்புறத்தின் நடுவில் தட்டி வெடிக்கும் தோட்டா) பிரிவுதான். 2006-ல் தோகா ஆசிய விளையாட்டில் இந்திய வீரர் ஜஸ்பால் ராணா 590 புள்ளிகளுடன் தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான். இதில் முதல் 30 குண்டுகளை நிதானமாகச் சுடலாம். அடுத்த 30 குண்டுகளில், ஒவ்வொன்றுக்கும் இலக்கு 3 வினாடி மட்டுமே தெரியும். இடையில் 7 வினாடி இடைவெளி உண்டு. ஹேமரை இழுக்க அந்த 7 வினாடி போதும். ஆனால் இழுக்கும்போது உள்ளங்கையில் பிடி நகர்ந்துவிடக் கூடாது. பயிற்சியில் பெரும்பகுதி இதற்கே செலவாகும்.

கேள்வி (பெரம்பூர்): கடையிலோ, பழைய உரிமையாளரிடமோ பார்க்கும்போது எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

பதில்: கையோடு ஓர் அளவுகோல் எடுத்துச் செல்லுங்கள். குண்டின் விட்டம் 7.62 முதல் 9.65 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பேரலின் (குழலின்) நீளம் 153 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ரிவால்வரில் சிலிண்டரை (தோட்டாக்கள் இருக்கும் சுழலும் உருளையை) சேர்க்காமல் பேரலை மட்டுமே அளப்பார்கள். 6 அங்குலப் பேரல் 152.4 மில்லிமீட்டர் என்பதால் அது விதிக்குள் அடங்கும். அதைவிட நீண்ட பேரல் உள்ளவற்றை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், விட்டுவிடுங்கள். முன், பின் சைட்டுகளுக்கு (குறிபார்க்கும் உறுப்புகளுக்கு) இடையிலான தூரம் 220 மில்லிமீட்டருக்குள்ளும், மொத்த எடை 1400 கிராமுக்குள்ளும் இருக்க வேண்டும். 300 x 150 x 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் துப்பாக்கி முழுவதும் அடங்க வேண்டும். டிரிகர் (விசை) 1000 கிராம் எடையைத் தூக்கியும் விடுபடாமல் நிற்க வேண்டும். பேரலைச் செங்குத்தாகப் பிடித்து, எடைக்கட்டியை டிரிகரின் நடுவில் மாட்டித் தரையிலிருந்து தூக்கிப் பார்ப்பார்கள். கைப்பிடியின் எந்தப் பகுதியும் மணிக்கட்டைத் தொடக் கூடாது. லென்ஸ் வைத்த சைட்டுக்கும் அனுமதி இல்லை.

பழைய ரிவால்வரானால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். சிலிண்டரைத் திறந்து ஆறு அறைகளும் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, ஹேமரை மிக மெதுவாகப் பின்னிழுங்கள். ஹேமர் கடைசி நிலையை எட்டும் முன்பே சிலிண்டர் பூட்டிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். ஆறு அறைகளிலும் இதைப் பாருங்கள். ஓர் அறையில் மட்டும் பிந்திப் பூட்டினாலும், அந்த அறையிலிருந்து வரும் ஈயக் குண்டு பேரலின் விளிம்பில் உராய்ந்து சிதைந்தே வெளியேறும்.

கேள்வி (வியாசர்பாடி): கான்பூரில் தயாராகும் .32 ரிவால்வர் என்னிடம் இருக்கிறது. இதைக் கொண்டே கலந்துகொள்ளலாமா?

பதில்: அதன் பேரல் குட்டையானது. குட்டையான பேரலுக்கு விதியில் தடை இல்லை, ஆனாலும் அதில் நல்ல புள்ளிகள் எடுப்பது கடினம். கணக்கைப் பாருங்கள். இரு சைட்டுகளுக்கும் இடையே 100 மில்லிமீட்டர் இருந்தால், ஒரு மில்லிமீட்டர் பிசகு 25 மீட்டரில் 250 மில்லிமீட்டராகப் பெருகும். 200 மில்லிமீட்டர் இருந்தால் 125 ஆகக் குறையும். நிதானச் சுற்றின் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 50 மில்லிமீட்டர்தான்! மேலும் அந்த ரிவால்வரின் சைட் நகராதது. குண்டு இடப்பக்கம் விழுந்தால் திருத்திக்கொள்ள வழியில்லை. பின் சைட்டைத் திருகித் திருத்தும் வசதியுள்ள 6 அங்குல ரிவால்வரைத் தேடுங்கள். மனுரின் நிறுவனத்தின் எம்.ஆர். 32 மாட்ச் ரிவால்வர் இதற்கென்றே செய்யப்பட்டது.

கேள்வி (காசிமேடு): எங்கள் வீடு கடலை ஒட்டியது. இரும்புச் சாமான் எதுவும் தங்குவதில்லை. ரிவால்வர் தாங்குமா?

பதில்: பராமரித்தால் தாங்கும். வாய்ப்பிருந்தால் துருப்பிடிக்காத எஃகில் செய்ததை வாங்குங்கள். நீலம் ஏற்றிய (மேற்பரப்பைக் கருநீலமாக்கிய) சாதாரண எஃகில் உப்புக்காற்றும் கை வியர்வையும் சேர்ந்து விரைவில் புள்ளி புள்ளியாகத் துரு கிளப்பிவிடும். சுட்டு முடித்த அன்றே பேரலையும் சிலிண்டர் அறைகளையும் துடைத்து மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசுங்கள். தோல் உறையில் வைத்தே பூட்டிவிடும் பழக்கம் வேண்டாம்; தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள்.

கேள்வி (தண்டையார்பேட்டை): என் மகளுக்கு 15 வயது. அவளுக்காக ஒரு ரிவால்வர் பார்க்கட்டுமா, ஐயா?

பதில்: வேண்டாம், அம்மா. சென்டர் ஃபயர் ஆண்களுக்கான பிரிவு. பெண்களின் 25 மீட்டர் பிரிவு .22-ல் நடக்கிறது. அவள் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் (காற்றழுத்தத் துப்பாக்கியில்) தொடங்கட்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றதும் ஏர் பிஸ்டலில்தான்.

கேள்வி (திருவொற்றியூர்): உரிமம் வாங்கும்போது எந்த அளவைக் கேட்க வேண்டும்?

பதில்: .32 என்று கேளுங்கள். 9 மில்லிமீட்டர் நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட அளவு. சாதாரண உரிமத்தில் கிடைக்காது. விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். சென்னை மாநகரக் காவல் எல்லைக்குள் இருப்பவர்கள் வேப்பேரி ஆணையர் அலுவலகத்தையும், செங்குன்றம், மீஞ்சூர் பக்கத்தவர்கள் ஆவடி ஆணையரகத்தையும் அணுக வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் சாதாரண உரிமதாரர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால், தவறான ஒன்றை வாங்கிவிட்டால் ஓர் இடம் வீணாகும். ஆகவே துப்பாக்கி சுடும் சங்கத்துத் துப்பாக்கியில் சுட்டுப் பழகி, எந்தக் கைப்பிடி தமக்குப் பொருந்துகிறது என்று தெளிந்த பிறகே விண்ணப்பியுங்கள்.

கேள்வி (கொருக்குப்பேட்டை): .32 தோட்டா எல்லாம் ஒன்றுதானே?

பதில்: இல்லை. பிஸ்டலுக்கான .32 ஏ.சி.பி. வேறு, ரிவால்வருக்கான .32 ஸ்மித் அண்டு வெஸ்ஸன் லாங் வேறு. மாற்றிப் போடவே கூடாது. உலோக உறையிட்ட குண்டுக்குப் போட்டியில் அனுமதி இல்லை. ஈயக் குண்டாக இருக்க வேண்டும். அதிலும் வாட்கட்டர் எனப்படும் தலை தட்டையான குண்டு, இலக்குத் தாளில் வட்டமாகத் துளையிடுவதால் புள்ளி கணக்கிடுவதில் தகராறு எழாது. ஒரு சுற்றுக்கு ஐந்து தோட்டாக்கள் மட்டுமே நிரப்ப வேண்டும். காலியான ஆறாவது அறை ஹேமருக்கு நேராக இருக்கும்படி சிலிண்டரை மூடினால், ஐந்தும் வரிசை தவறாமல் வெடிக்கும்.