பெட்ரோல் காசே தவணையைக் கட்டுமா?

கேள்வி: எனக்கு வயது 36. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். அணைக்குப் போகும் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்குப் பிரிவில் வேலை, சம்பளம் 24,000 ரூபாய். மனைவி, ஏழு வயது மகன். வேலைக்குப் போக 7 கிலோமீட்டர், வர 7 கிலோமீட்டர், மாதம் 26 நாள். மாதத்தில் இரண்டு முறை ஊத்தங்கரைப் பக்கம் சொந்த ஊருக்குப் போய் வருவேன். 2016இல் வாங்கிய 100 சிசி பைக் இருக்கிறது, இன்னும் 50 கொடுக்கிறது. மின்சார பைக் வாங்கலாம் என்று ஆசை. ஆன்ரோடு விலை 1,30,000. 30,000 முன்பணம் கட்டினால் மீதி ஒரு லட்சத்துக்கு 9 சதவீத ஃபிளாட் வட்டியில் 36 மாதத் தவணை என்கிறார்கள். "பெட்ரோல் காசே தவணையைக் கட்டிவிடும், மானியம் முடியப்போகிறது, வரிச்சலுகையும் உண்டு" என்று ஷோரூமில் சொன்னார்கள். கையில் 35,000 ரூபாய் சேமிப்பு இருக்கிறது. ஒரு லட்ச ரூபாய் சீட்டு ஒன்று மாதம் 5,000 கட்டி வருகிறேன், இன்னும் 9 மாதம் பாக்கி. சீட்டைத் தள்ளி எடுத்து முழுப் பணமும் கட்டிவிடலாமா என்றும் யோசனை. நம் மாவட்டத்திலேயே தயாராகிற வண்டிகள் என்பதால் நம்பிக்கையும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இப்போது வாங்காதீர்கள். மின்சார வண்டி கூடாது என்பதால் இதைச் சொல்லவில்லை, எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. உங்கள் வீட்டின் இன்றைய நிலையில், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பைக்கை ஓரங்கட்டிவிட்டுக் கடனில் இன்னொன்று வாங்குவது உங்களைத் தொந்தரவில் மாட்டிவிடும். அதனால்தான் சொல்கிறேன்.

ஷோரூமில் சொன்ன முதல் வார்த்தையை எடுத்துக்கொள்வோம். பெட்ரோலை லிட்டர் 102 ரூபாய் என்று வைக்கிறேன். வேலைக்கு மட்டும் மாதம் 364 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். லிட்டருக்கு 50 என்றால் 7.3 லிட்டர், 740 ரூபாய் சொச்சம். ஊருக்கு இரண்டு நடை 200 கிலோமீட்டர், 4 லிட்டர், 408 ரூபாய். ஆக மாதம் 1,150 ரூபாய். மின்சார பைக்குக்குச் சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 100 கிலோமீட்டருக்கு மூன்றரை யூனிட் வைத்தால், மொத்த ஓட்டத்துக்கும் 20 யூனிட் போதும். வீட்டுக்காரர் சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கினாலும் 160 ரூபாய்தான். ஆயில் மாற்றுவது, சர்வீஸ் என்று மாதத்துக்கு 150 மிச்சம் என்று தாராளமாகவே சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்த்து மாதம் 1,140 ரூபாய் மிச்சம்.

தவணை எவ்வளவு? ஒரு லட்சத்துக்கு 9 சதவீதம் ஃபிளாட் என்றால் மூன்று ஆண்டுக்கு வட்டி 27,000. மாதத் தவணை 3,528 ரூபாய். பெட்ரோல் காசு அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. மீதி 2,400 ரூபாய் ஒவ்வொரு மாதமும் சம்பளத்திலிருந்துதான் போகும்.

இந்த ஃபிளாட் வட்டியைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள், ஆனால் வட்டியை முழு ஒரு லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை கணக்குப் போடுகிறார்கள். வங்கி போடுவது போலக் குறையும் பாக்கிக்கு வட்டி என்று மாற்றிப் பார்த்தால் இது 16 சதவீதத்துக்கும் மேல். ஒன்பது என்று காதில் விழுவதால் நகைக்கடனைவிட மலிவு என்று நினைத்துவிடுகிறோம். எந்த வண்டிக்கடன் வாங்கினாலும் "ரெட்யூசிங்கில் எத்தனை சதவீதம்?" என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே பலரும் தடுமாறுகிற ஓர் இடம் இருக்கிறது. தினமும் கொஞ்ச தூரம்தான், அதனால் மின்சார வண்டி பொருந்தும் என்று நினைக்கிறோம். சார்ஜ் தீர்ந்து வழியில் நிற்க மாட்டோம் என்ற வகையில் அது சரி. பணக்கணக்கில் நேர்மாறு. மின்சார வண்டியில் வாங்கும்போது கூடுதல் காசு, ஓட்டும்போது மிச்சம். ஓட்டம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் போட்ட காசு திரும்பும். பேட்டரிக்கோ ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வயது ஏறிக்கொண்டுதான் இருக்கும். நாள் ஒன்றுக்கு 14 கிலோமீட்டர் ஓட்டுகிறவரின் பேட்டரியும் ஐந்து ஆண்டில் ஐந்து வயதாகத்தான் நிற்கும்.

ஓர் ஒப்பீடு சொல்கிறேன். பழைய பைக் செத்துப்போய், எப்படியும் புது வண்டி வாங்கியாக வேண்டும் என்ற நிலையில் இரண்டு பேர் இருக்கிறார்கள். பெட்ரோல் பைக் ஆன்ரோடு 90,000, மின்சார பைக் 1,30,000 என்று வையுங்கள். வித்தியாசம் 40,000. பர்கூர் சிப்காட் போல ஓர் இடத்துக்குப் போய்வந்து தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மாதம் ஏறக்குறைய 2,000 மிச்சமாகும். 20 மாதத்தில் வித்தியாசத்தை எடுத்துவிடுவார், அதற்குப் பிறகு எல்லாம் லாபம். அவர் என்னிடம் கேட்டால் தயங்காமல் வாங்கச் சொல்வேன். உங்களைப் போல வேலைக்கு மட்டும் 14 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மாதம் 800 மிச்சம், 50 மாதம் ஆகும். ஊருக்கும் அதிலேயே போனால் மூன்று ஆண்டு. இதுவும் புது வண்டி வாங்கியே தீர வேண்டும் என்பவருக்கான கணக்குதான். உங்களிடம் வண்டி இருக்கிறது. அதனால் நீங்கள் ஒப்பிட வேண்டியது 40,000 வித்தியாசத்தை இல்லை, முன்பணமும் தவணையுமாகப் போகிற 1,57,000 ரூபாயை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள பெட்ரோல் வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததையும் மனதில் வையுங்கள். மின்சார வண்டிக்கு முன்பிருந்தே 5 சதவீதம்தான். பெட்ரோல் வண்டி விலை இறங்கியதால் இடைவெளி கொஞ்சம் கூடிவிட்டது.

அப்புறம் மானியம். 2024 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் முதலில் பேட்டரி கொள்ளளவில் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் (அதாவது ஒரு யூனிட்டுக்கு) 5,000 ரூபாய், வண்டிக்கு அதிகபட்சம் 10,000 என்று இருந்தது. 2025 ஏப்ரலிலிருந்து 2,500 ரூபாய், அதிகபட்சம் 5,000 என்று ஆனது. ஐயாயிரம் போய்விடுமே என்ற பயத்தில் ஒன்றரை லட்சத்துக்கு முடிவெடுக்காதீர்கள். வரிச்சலுகை என்று ஷோரூமில் சொன்னது, மின்சார வண்டிக்கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு தந்த 80இஇபி பிரிவாக இருக்கும். 2023 மார்ச் 31 வரை அனுமதியான கடன்களுக்குத்தான் அது. உங்கள் சம்பளத்துக்கு வருமான வரியே வராது, அதனால் அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிஜமாகவே கவலைப்பட வைத்தது அந்த 35,000 ரூபாய். சம்பளம் 21,000ஐத் தாண்டிவிட்டதால் இஎஸ்ஐ கிடையாது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000, நீங்கள் அதற்கும் மேலே. மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பதாக நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அப்படியானால் நாளைக்கு வீட்டில் யாருக்காவது டெங்கு வந்து படுத்தால், மூன்று பேருக்கும் உள்ள ஒரே பாதுகாப்பு அந்தப் பணம்தான். அதில் 30,000த்தைக் கொண்டுபோய் முன்பணமாகக் கட்டிவிட்டால் மீதி ஐயாயிரம். ஏற்கெனவே சீட்டுக்கு 5,000 போகிறது. அதன்மேல் தவணை 3,528. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மாதம் பிறந்ததும் போய்விடும். இந்த நிலையில்தான் மனைவியின் வளையல் அடகுக்கடைக்குப் போகிறது. நான் பார்த்த பல வீடுகளில் அப்படித்தான் நடந்திருக்கிறது.

சீட்டைத் தள்ளி எடுக்க வேண்டாம். தள்ளுபடியாக விடுகிற தொகையும் வட்டிதான், பெயர்தான் வேறு. பாக்கி 9 மாதமும் கட்டி, முழுத் தொகையாக எடுங்கள். அது பதிவு பெற்ற சீட்டுதானா என்பதை மட்டும் இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சீட்டுப் பணம் வந்ததும் முதல் வேலை மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு குடும்ப மருத்துவக் காப்பீடு. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. அதுவரை பொறுக்க வேண்டாம், முடிந்தால் கையிலுள்ள 35,000த்திலிருந்தே இப்போதே எடுத்துவிடுங்கள் என்றுகூடச் சொல்வேன். சீட்டுத் தொகையின் பெரும்பகுதி வங்கியில் அவசரப் பணமாகக் கிடக்கட்டும். சீட்டு முடிந்த மறுமாதமே, கட்டிப் பழகிய அதே 5,000த்தை வங்கியில் ஆர்டி போடுங்கள். 18 மாதம், 6.5 சதவீதம் வட்டி என்று வைத்தால் அசலும் வட்டியுமாக 94,000க்கு மேல் வரும். பழைய பைக்கை விற்கிற காசையும் சேர்த்தால், இன்றிலிருந்து இரண்டேகால் ஆண்டில் கடனே இல்லாமல் வண்டி எடுக்கலாம். அதுவரை இந்த பைக் தாங்குமா என்றால், 50 கொடுக்கிற வண்டி தாங்கும். செயின் ஸ்ப்ராக்கெட், கிளட்ச் பிளேட், டயர் என்று ஏழெட்டாயிரம் செலவு செய்யுங்கள். பதிவு 2031 வரை இருக்கிறது.

வாங்கும் நாள் வரும்போது சில விஷயங்கள். தினசரி 14 கிலோமீட்டருக்குப் பெரிய பேட்டரி வேண்டியதில்லை. 2 கிலோவாட் மணி அளவில் உள்ள சின்ன பேட்டரி வண்டியே மூன்று நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும். பைக்தான் வேண்டுமா, ஸ்கூட்டர் ஆகாதா என்றும் வீட்டில் பேசுங்கள். மின்சாரத்தில் ஸ்கூட்டர்களுக்குத்தான் தேர்வு அதிகம், மனைவியும் ஓட்டலாம். ஆனால் சின்ன பேட்டரி என்றால் ஊத்தங்கரைப் பயணம் இடிக்கும். போக 50, வர 50. நிறுவனம் சொல்கிற தூரத்தில் நான்கில் மூன்று பங்குதான் சாலையில் கிடைக்கும் என்று வைத்துத் திட்டமிடுவது என் வழக்கம். மூன்று பேர் உட்கார்ந்து, மத்தூர் தாண்டி 60இல் போனால் அதுவும் குறையும். ஊரில் சார்ஜ் போட வசதி இருக்கிறதா என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள். இல்லையென்றால் மாதத்தில் அந்த இரண்டு நாள் பஸ்ஸில் போய்விடலாம்.

ஓசூரிலும் போச்சம்பள்ளிப் பக்கத்திலும் வண்டி தயாராவது எனக்கும் பெருமைதான், அந்த ஆலைகளில் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் வேலை பார்க்கிறார்கள். ஆனால் ஆலை பக்கத்தில் இருப்பதும் சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருப்பதும் வேறு வேறு. என் மைத்துனர் தருமபுரியில் 2022இல் ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கினார். டிஸ்பிளே அணைந்துபோய், அந்த ஒரு பாகம் வர ஐந்து வாரம் காத்திருந்தார். வண்டி சர்வீஸ் சென்டரில், தவணை மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் ஒரு சனிக்கிழமை காலை கிருஷ்ணகிரியில் உள்ள அதன் சர்வீஸ் சென்டர் வாசலில் அரை மணி நேரம் நில்லுங்கள். அங்கே வண்டி விட வந்திருப்பவர்களிடம் எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். விளம்பரம் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

செகண்ட்ஹேண்ட் மின்சார வண்டி மலிவாக வந்தால் 2023 ஏப்ரலுக்கு முன் தயாரானதைத் தொடாதீர்கள். வண்டிகள் தீப்பிடித்த சம்பவங்களுக்குப் பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கி, அந்த மார்ச் கடைசியோடுதான் முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

மாடி போர்ஷன் என்பதால் கடைசியாக ஒன்று. அதே மைத்துனர் வீட்டில் முதல் மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைக் கீழே தொங்கவிட்டுத்தான் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில் பிளக்கை உருவினேன், கை சுட்டது. திருப்பிப் பார்த்தால் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகி, ஒரு பின்னைச் சுற்றி இளகி வழிந்து திரும்ப இறுகியிருந்தது. சாதாரண 5 ஆம்ப் வயரில் இரவெல்லாம் இழுத்த பலன். பேட்டரியைக் கழற்றி மேலே தூக்கிப் போகிற வண்டிகளும் உண்டு, ஆனால் அதன் கனம் தூக்கிக்கொண்டு படியேறிப் பார்த்தால் தெரியும். ஆகவே வண்டி பார்க்கும் முன்பே வீட்டுக்காரரிடம் பேசி, கீழே நிறுத்துகிற இடத்தில் எர்த் இணைப்போடு 15 ஆம்ப் சாக்கெட்டும் சப் மீட்டரும் போட ஒப்புதல் வாங்குங்கள். அந்த லைன் அவர் வீட்டு மீட்டரில் இருந்து வருவதாக இருந்தால், இரண்டு மாதத்தில் அவர் 500 யூனிட்டைத் தாண்டும் நிலையில் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். தாண்டினால் அவருக்குக் கட்டணப் படிகளே மாறும், அந்தக் கோபம் உங்கள் வாடகையில்தான் வந்து விழும். அவர் முடியாது என்றால் வேறு வீடு மாறும்வரை மின்சார வண்டி யோசனையைத் தள்ளி வையுங்கள், ஆர்டி மட்டும் ஓடட்டும்.