கல்லாவும் காணிக்கையும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

எங்களுடையது குடும்ப வியாபாரம். மொத்தமாகக் கொள்முதல் செய்து, எடைபோட்டுச் சில்லறையாக விற்கிறோம். மாமனார், கணவர், கொழுந்தனார், நான் என நான்கு பேரும் கடையில்தான். கணக்கு என் பொறுப்பு. தினமும் கடை சாத்தும்போது கல்லாவில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கை மாமனார் தசமபாகமாக, அதாவது கர்த்தருக்குரிய காணிக்கையாக, எடுத்து வைத்துவிடுவார். எங்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது, வேண்டியபோது எடுத்துக்கொள்வோம். சபையார் கடன் கேட்டால் எழுதிக்கொள்வதுகூட இல்லை. ஞாயிறு கடை அடைப்பு. விற்பனை குறையவில்லை. ஆனால் எங்களுக்குச் சரக்கு தரும் கொள்முதல்காரருக்குத் தர வேண்டிய பாக்கி மாதாமாதம் ஏறுகிறது. மாமனாரிடம் கேட்டால், "கர்த்தர் நடத்துவார், கணக்குப் பார்ப்பது அவிசுவாசம்" என்கிறார். இன்னொரு கடை திறக்கவும் கர்த்தர் சொல்லிவிட்டாராம். அவர் விசுவாசத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பாக்கி ஏன் ஏறுகிறது என்பதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கல்லாவில் விழும் பணம் முழுவதும் உங்கள் பணம் இல்லை. விற்பனை 100 என்றால் சரக்கின் அடக்கம், அதாவது வாங்கிய விலை, 78, வாடகை, மின்சாரம், வண்டிக்கூலி, வரி எல்லாம் சேர்த்து 12 என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 10. விற்பனையில் பத்தில் ஒன்றை எடுத்துவைத்தால் அந்தப் பத்தும் போய்விட்டது. பிறகு வீட்டுச் செலவுக்கு எடுப்பதெல்லாம் கொள்முதல்காரருக்குப் போக வேண்டிய பணம். உங்கள் வீட்டுக் காணிக்கையின் பாரத்தை அவர் சுமக்கிறார், அதுவும் அவருக்கே தெரியாமல்.

வேதத்தில் தசமபாகம் வயலின் விளைச்சலிலும் மந்தையிலும் கேட்கப்படுகிறது. வியாபாரிக்கு விளைச்சல் என்றால் லாபம்தான். ஆகவே தினசரி எடுப்பதை நிறுத்திவிட்டு மாதம் ஒருமுறை கணக்கை முடியுங்கள். மாதக் கடைசி இரவு சரக்கு இருப்பை எண்ணி, எடைபோட்டு, வாங்கிய விலையில் மதிப்புப் போடுங்கள். மாத ஆரம்ப இருப்போடு கொள்முதலைக் கூட்டி, கடைசி இருப்பைக் கழித்தால் விற்ற சரக்கின் அடக்கம் கிடைக்கும். பலர் விற்பனையிலிருந்து கொள்முதலை மட்டும் கழித்துவிட்டு லாபம் பார்க்கிறார்கள். அப்படிச் செய்தால், நிறையச் சரக்கு இறக்கிய மாதம் நஷ்டமாகவும் பழைய சரக்கை விற்றுத் தீர்த்த மாதம் பெரிய லாபமாகவும் தெரியும். இரண்டும் பொய். அடக்கம், செலவு, சம்பளம் எல்லாம் போக நிற்பதில் பத்தில் ஒன்றை அன்றே தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். நஷ்ட மாதத்தில் கடையிலிருந்து தசமபாகம் எடுக்க வேண்டாம். அவரவர் சம்பளத்திலிருந்து அவரவர் கொடுக்கலாம்.

ஆம், சம்பளம். நால்வருக்கும் வேண்டும். கொழுந்தனார் நாளை விலகினால் அந்த வேலைக்கு வெளியாளுக்கு என்ன கொடுப்பீர்களோ அதுதான் அவர் சம்பளம். உங்களுக்கும் அப்படியே. அதற்கு மேல் எடுப்பதை அவரவர் பெயரில் பற்று எழுதுங்கள். சம்பளம் எழுதாத கடையில் லாபமாகத் தெரிவது பெரும்பாலும் வீட்டாரின் கூலிதான். வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்ற வசனம் வீட்டு ஆட்களுக்கும் சேர்த்துத்தான். குடும்ப வியாபாரங்கள் உடைவது பல நேரம் நஷ்டத்தால் அல்ல, யார் எவ்வளவு எடுத்தார்கள் என்பது எழுதப்படாததால்.

இன்னொரு கடை விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். "கர்த்தர் சொன்னார்" என்று பெரியவர் சொல்லிவிட்டால், மறுத்துப் பேசுகிறவர் அவரோடு அல்ல, தேவனோடு வாதாடுவதாக ஆகிவிடுகிறது. எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். எந்தச் சரக்கு தேங்கிக் கிடக்கிறது, எந்த வாடிக்கையாளர் வருவதில்லை என்பதெல்லாம் கல்லாவில் நிற்பவருக்கே தெரியும். அது முடிவெடுப்பவரின் காதுக்குப் போகாது. கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் என்கிறவருக்கு லூக்கா 14:28 போதும். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்டவர் இயேசுவேதான்.

ஜெபித்துவிட்டு நால்வரும் ஒரு தாளில் எழுதுங்கள்: முன்பணம், தட்டுமுட்டுச் சாமான், முதல் சரக்கு, ஆறு மாத வாடகையும் ஆள் சம்பளமும். எவ்வளவு இழந்தால், எந்தத் தேதிக்குள் மூடிவிடுவோம் என்பதையும் இப்போதே எழுதுங்கள். நஷ்டம் வந்தபிறகு அந்த எல்லையைப் போட யாருக்கும் மனம் வராது, இன்னும் ஒரு மாதம் விசுவாசத்தோடு காத்திருப்போம் என்றே தோன்றும். இருக்கும் கடைக்கே நான்கு பேர் தேவைப்படும்போது அங்கே யார் உட்காருவார் என்பதற்கும் தாளில் ஒரு பெயர் வேண்டும். பழைய பாக்கி தீராமல் புதுக் கடை கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சபையாருக்குக் கடன் கொடுங்கள், ஆனால் எல்லா வாடிக்கையாளருக்கும் உள்ள அதே வரம்பும் தவணையும்தான். எழுதாத கடன், கொடுத்தவருக்கு ஒரு தொகையாகவும் வாங்கியவருக்கு வேறு தொகையாகவும் நினைவிருக்கும். பிறகு சபையிலும் முகம் பார்க்க முடியாது. உண்மையிலேயே முடியாதவர் என்றால் தசமபாகக் கணக்கிலிருந்து உதவியாகவே கொடுத்துவிடுங்கள். கடனாகக் கொடுத்துத் தர்மமாக மறப்பது இரண்டையும் கெடுக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று, தராசு. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்பதை எல்லாரும் அறிவோம், ஆனால் பெரும்பாலும் அது அசட்டையால்தான் நுழைகிறது. காலிப் பையோ தட்டோ வைத்த பிறகு பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவராமல் சரக்கைக் கொட்டினால், அந்தப் பை அல்லது தட்டின் 20 கிராமும் சரக்கு விலைக்குப் போகும். நாளுக்கு 50 முறை நிறுத்தால் ஒரு கிலோ. காலையில் கடை திறந்ததும் முத்திரையிட்ட எடைக்கல் ஒன்றை வைத்துப் பாருங்கள், அரை நிமிட வேலை.

ஞாயிறு அடைப்பில் கை வைக்காதீர்கள். அதற்கேற்பக் கணக்கை மாற்றினால் போதும்: வாடகையையும் சம்பளத்தையும் 30 நாளால் வகுக்காமல் 26 நாளால் வகுத்து அன்றாட இலக்கு போடுங்கள், சனிக்கிழமை கெடும் சரக்கை இறக்காதீர்கள்.

தொடங்க வேண்டிய இடம் மாமனாரின் தேவபயம்தான். கடந்த மூன்று மாதத் தசமபாகத்தையும் அதே மூன்று மாதத்தில் பாக்கி ஏறிய தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். அதை உங்கள் கணவர் காட்டட்டும். மருமகள் கொண்டுபோனால் பேச்சு கணக்கை விட்டு வேறெங்கோ போய்விடும். அவர் ஏற்றுக்கொண்டதும் கொள்முதல்காரரை நேரில் பார்த்து, பழைய பாக்கிக்கு மாதத் தவணை எழுதிக் கொடுங்கள். புதுச் சரக்குக்கு அந்தந்த வாரமே பணம் கட்டிவிடுவோம் என்று சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்.

அன்புடன்